தோள்பையில் அடங்கும் ஃபுல் ஃபிரேம்: எதை வாங்கலாம், எதற்குக் காத்திருக்கலாம்?

2013 அக்டோபரில் சோனி தன் முதல் ஏ7 கேமராவை அறிவித்தபோது, பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து அதன் எடை 474 கிராம். படத்தைப் பதியும் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர், அந்த அளவைத்தான் ஃபுல் ஃபிரேம் என்கிறோம். வெளிச்சத்தை, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடி உள்ளே கிடையாது, லென்ஸ் மாற்றலாம், ஆட்டோஃபோகஸ் உண்டு. லைகா எம்9 அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அந்த அளவு சென்சாரைச் சின்ன உடலுக்குள் வைத்துவிட்டது என்றாலும், அதில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். விலையும் நம்மைப் போன்றவர்களுக்கானது அல்ல. அதனால் ஏ7 வந்ததும், இனி ஃபுல் ஃபிரேம் கேமரா ஆண்டுக்கு ஆண்டு இளைத்துக்கொண்டே போகும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள்.

நடந்ததோ தலைகீழ். அடுத்த ஆண்டே வந்த ஏ7-2, 599 கிராம். 2018-ல் ஏ7-3, 650 கிராம். 2021-ல் ஏ7-4, 658 கிராம். நிக்கானின் இசட்எஃப் பார்க்கப் பழைய ஃபிலிம் கேமரா மாதிரி ஒல்லியாகத் தெரியும். தூக்கினால் 710 கிராம்.

இந்தச் சதை எங்கிருந்து வந்தது? சென்சாரிலிருந்து இல்லை. கை நடுக்கத்தைச் சமாளிக்க சென்சாரையே காந்தங்களுக்கு நடுவில் மிதக்கவிடும் அமைப்பு ஒன்று. பெரிய பேட்டரி இன்னொன்று. அதோடு இரண்டாவது கார்டு ஸ்லாட், பெரிய வியூஃபைண்டர், ஆழமான கைப்பிடி. ஒவ்வொன்றையும் வாங்குபவர்கள்தான் கேட்டார்கள், கேட்டது கிடைத்தது. சந்தேகம் இருந்தால் இதைப் பாருங்கள்: சோனி ஏ6700, ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார், 493 கிராம். சோனி ஏ7சி-2, ஃபுல் ஃபிரேம், 514 கிராம். இரண்டேகால் மடங்கு பெரிய சென்சாருக்குக் கூடுதல் எடை 21 கிராம்தான்.

அப்படியென்றால் சிறிய ஃபுல் ஃபிரேம் செய்வது பெரிய வித்தையில்லை. எதை எடுத்துவிட்டுச் சிறிதாக்கினார்கள் என்பதுதான் ஒவ்வொரு மாடலிலும் பார்க்க வேண்டியது. அதற்கு முன்னால் லென்ஸ் கணக்கு ஒன்று இருக்கிறது.

லென்ஸ் மாட்டாத எடையைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். ஏ7சி-2 மீது சோனியின் 24-70 மி.மீ. எஃப்/2.8 ஜிஎம்-2 ஜூம் லென்ஸை மாட்டினால் மொத்தம் 1,209 கிராம் (மி.மீ. எண் குவியதூரம்: சிறிதானால் அகலமான காட்சி, பெரிதானால் தூரத்தில் இருப்பது நெருங்கும்; எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் வரும்). அதே உடலில் 40 மி.மீ. எஃப்/2.5 ஜி மாட்டினால் 687 கிராம். ஏ7-4-க்கும் ஏ7சி-2-க்கும் இடையே நீங்கள் மிச்சம் பிடிப்பது 144 கிராம். ஒரே ஒரு லென்ஸ் தேர்வில் போவதும் வருவதும் 522 கிராம். பெரிய ஜூம்தான் மாட்டப் போகிறீர்கள் என்றால் சின்ன உடல் வாங்குவதில் அர்த்தமே இல்லை. முன்பாரம் இழுக்கும், சுண்டுவிரலுக்குப் பிடிமானம் இருக்காது, ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

கண்ணாடியை எடுத்துவிட்டதால் லென்ஸும் சிறுத்துவிடும் என்பது பாதிதான் உண்மை. கேனானின் டிஎஸ்எல்ஆர்களில், அதாவது கண்ணாடி உள்ள கேமராக்களில், லென்ஸ் பொருந்தும் மவுன்டுக்கும் சென்சாருக்கும் இடையே 44 மி.மீ. இடைவெளி. கண்ணாடியில்லாத கேமராக்களுக்கான அவர்களின் ஆர்எஃப் மவுன்டில் அது 20, சோனி இ மவுன்டில் 18. அகலமாகக் காட்டும் வைட் லென்ஸ்களுக்கு இது நல்ல லாபம். லென்ஸின் பின்பக்க வில்லையை சென்சாருக்கு அருகில் கொண்டுபோகலாம். தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ்களில் இந்தச் சலுகை செல்லாது. 200 மி.மீ. எஃப்/2.8 என்றால் 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் வரும் 71 மி.மீ. அளவுக்காவது முன்பக்கம் திறந்திருக்க வேண்டும். எந்த மவுன்டும் அந்தக் கணக்கை மாற்றாது. ஆகவே சிறிய ஃபுல் ஃபிரேம் என்பது நடைமுறையில் 24-லிருந்து 60 மி.மீ. வரை, எஃப்/2-க்குக் கொஞ்சம் முன்னே பின்னே உள்ள ஒரு உலகம். பறவை, கிரிக்கெட், மேடை நடனம் எடுப்பவர்கள் இத்தோடு வேறு பக்கம் போய்விடலாம்.

சோனி ஏ7சி-2

2020-ல் வந்த ஏ7சி-யின் அடுத்த தலைமுறை இது. 2023 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 33 மெகாபிக்சல், அறிமுக விலை 2,199 டாலர். இந்தப் பட்டியலில் குறைவாக விட்டுக்கொடுத்திருக்கும் உடல் இதுதான் என்பேன். வியூஃபைண்டர் இருக்கிறது, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது, பெரிய கேமராக்களில் உள்ள அதே பேட்டரி இருக்கிறது. வியூஃபைண்டர் வழியே பார்த்து எடுத்தாலும் ஒரு சார்ஜுக்கு 530 படம் என்பது நிறுவனக் கணக்கு. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே வரும்.

விட்டுக்கொடுத்தது எங்கே? வியூஃபைண்டர் நடுவில் இல்லாமல் இடது மூலையில் இருக்கிறது. வலது கண்ணால் பார்ப்பவர்களுக்கு இது வசதி, மூக்கு திரையில் இடிக்காது. இடது கண்காரர்களுக்கு எரிச்சல். வியூஃபைண்டர் திரையில் 23.6 லட்சம் புள்ளிகள் என்பது இந்த விலைக்குக் குறைவு. ஃபோகஸ் புள்ளியை நகர்த்த ஜாய்ஸ்டிக் இல்லை, திரையைத் தேய்க்க வேண்டும். கார்டு ஸ்லாட் ஒன்றுதான். சம்பளத்துக்குத் திருமணம் எடுப்பவர் ஒரே கார்டை நம்பித் தாலி கட்டும் நேரத்தில் நிற்கக் கூடாது. அவர் ஏ7-4 பக்கம் போவது நல்லது. ஷட்டரைத் திறக்கும் முதல் திரை நிஜத் திரை இல்லை, எலெக்ட்ரானிக் மட்டும், உச்ச வேகம் 1/4000 நொடி. எஃப்/1.4 லென்ஸைத் திறந்துவைத்து உச்சி வெயிலில் அந்த வேகத்தில் எடுத்தால், பின்னணியின் மங்கல் வட்டங்கள் ஒரு பக்கம் வெட்டுப்பட்டது போல் வரும். எஃப்/2.5 லென்ஸோடு இருப்பவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

இதன் உண்மையான பலம் உடலில்கூட இல்லை, மவுன்டில் இருக்கிறது. 24 எஃப்/2.8, 40 எஃப்/2.5, 50 எஃப்/2.5 என்று 162-லிருந்து 174 கிராமுக்குள் மூன்று லென்ஸ்களை சோனி 2021-ல் இந்த மாதிரி உடல்களுக்கென்றே கொண்டுவந்தது. மூன்றிலும் அப்பர்ச்சரை, அதாவது எஃப் எண்ணை, மாற்றும் வளையம் உண்டு. அடியில் ஒரு பொத்தானைத் தள்ளினால் க்ளிக் சத்தம் நின்றுவிடும், வீடியோவுக்கு வசதி. மூன்றாம் நிறுவனங்கள் வேறு குவித்திருக்கின்றன. வில்ட்ராக்ஸின் 28 மி.மீ. எஃப்/4.5 வெறும் 60 கிராம், ஆட்டோஃபோகஸுடன். அப்பர்ச்சரை மாற்ற முடியாது. விலையைப் பார்த்தால் குறை சொல்ல மனம் வராது.

இதே உடலில் 61 மெகாபிக்சல் வேண்டுமென்றால் ஏ7சிஆர் இருக்கிறது, 515 கிராம், அறிமுக விலை 2,999 டாலர். பெரிய பிரிண்ட் போடாதவர்களுக்கு அது ஹார்டு டிஸ்க் செலவு.

கேனான் ஆர்8

காசு முக்கியம் என்றால் இங்கேதான் நிற்க வேண்டும். 2023 பிப்ரவரியில் 1,499 டாலருக்கு வந்தது. 461 கிராம், 24 மெகாபிக்சல். முகம், கண் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் அதன் அண்ணன் ஆர்6-2-விலிருந்து வந்தது. சென்சாரின் முழு அகலத்திலிருந்து 4கே 60, அதாவது நொடிக்கு 60 ஃபிரேம் வீடியோ, கிடைக்கும். ஏ7சி-2-ல் 4கே 60-க்குப் போனால் படம் ஓரங்களில் வெட்டப்படும். வியூஃபைண்டர் நடுவில், கைப்பிடி ஆழமாக, பிடிக்க சுகமாக இருக்கும்.

விட்டுக்கொடுத்தவை இரண்டு. ஒன்று, பேட்டரி. வியூஃபைண்டர் வழியே, மின்சேமிப்பு முறையிலேயே 220 படம் என்கிறது கேனான். பயணம் என்றால் இரண்டு பேட்டரி கூடுதலாக வாங்கிவிடுங்கள், அந்தச் செலவையும் கேமரா விலையோடு சேர்த்தே எண்ணுங்கள். இரண்டாவது, உடலில் ஸ்டெபிலைசேஷன் இல்லை.

இது எப்போது உறைக்கும் என்றால், தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையில், விளக்கு ஏற்றும் நேரத்தில் தூண் வரிசையை எடுக்கும்போது. அங்கே ட்ரைபாடுக்கு அனுமதி வாங்க வேண்டும். 28 மி.மீ. எஃப்/2.8 லென்ஸோடு ஆர்8-ஐக் கையில் பிடித்து 1/30 நொடியைவிட மெதுவான ஷட்டருக்கு இறங்கத் தயக்கமாக இருக்கும். ஏ7சி-2-ல் 1/8 தைரியமாகப் போகலாம். வித்தியாசம் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு): ஏ7சி-2-ல் ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் உணர்திறன், 1600-ல் முடியும் படம் ஆர்8-ல் 6400 கேட்கும். ஆனால் அதே மாளிகையில் ஓடிவரும் குழந்தையை எடுக்கிறீர்கள் என்றால் இரண்டு கேமராவுக்கும் 1/250 வேண்டும். ஸ்டெபிலைசேஷன் உங்கள் கையைத்தான் நிறுத்தும், குழந்தையை நிறுத்தாது. மனிதர்களை எடுப்பவருக்கு ஆர்8-ன் இந்தக் குறை பாதிக் குறைதான்.

சின்ன லென்ஸ் பஞ்சம் இங்கே ஓரளவு தீர்ந்திருக்கிறது. ஆர்எஃப் 28 எஃப்/2.8, 120 கிராம். 50 எஃப்/1.8, 160 கிராம். 28-ஐ மாட்டினால் மொத்தம் 581. வியூஃபைண்டர் உள்ள ஃபுல் ஃபிரேமில் இது மிகவும் லேசான சேர்க்கைகளில் ஒன்று. கேமராவோடு சேர்த்து விற்கும் ஆர்எஃப் 24-50 கிட் லென்ஸை மட்டும் யோசித்து வாங்குங்கள். 24-ல் எடுத்த ரா கோப்பை, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பை, திருத்தம் இல்லாமல் திறந்தால் கோடுகள் பீப்பாய் போல வளைந்திருக்கும், சாஃப்ட்வேர்தான் நிமிர்த்துகிறது. சிறுத்த லென்ஸ்கள் பலவும் இப்படித்தான், கேனானை மட்டும் சொல்லக் கூடாது.

பானாசோனிக் லூமிக்ஸ் எஸ்9

2024 மே மாதம் வந்தது. 486 கிராம், அறிமுக விலை 1,499 டாலர். உடலில் ஸ்டெபிலைசேஷன் உண்டு. வியூஃபைண்டர் கிடையாது. மெக்கானிக்கல் ஷட்டரும் கிடையாது. மேலே துணைக்கருவி பொருத்தும் ஷூவில் மின் இணைப்பு இல்லை; மைக் செருகிக்கொள்ளலாம், ஃப்ளாஷ் வேலை செய்யாது. இது வீடியோ எடுப்பவருக்கான கேமரா. நிழற்படமும் எடுக்கும், அவ்வளவுதான்.

ஷட்டர் இல்லாவிட்டால் என்ன என்று நினைக்கலாம். சென்சார் மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை ஒவ்வொன்றாகப் படிக்கும். அதற்கு ஆகும் நேரத்துக்குள் எதிரே உள்ள விளக்கு பல முறை அணைந்து எரிந்துவிட்டால், படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன் மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. சுவர் வைக்கிறார்களே, அதற்கு முன்னால் நிற்கும் மணமக்களின் முகத்தில் இந்தப் பட்டைகளைத் தெளிவாகப் பார்க்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50, 1/100 என்று வைத்துக்கொண்டால் சாதாரண டியூப்லைட்டுக்குச் சரியாகிவிடும். எல்.இ.டி. சுவர்கள் தனித்தனி வேகத்தில் துடிப்பவை, அந்த வைத்தியம் அங்கே எப்போதும் பலிக்காது. ஃப்ளாஷ் போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை.

வெயிலில் தெருவில் நடப்பவர், பயணத்தில் வீடியோ எடுப்பவர், ஃபோனில் படம் எடுத்தே பழகியவர் ஆகியோருக்கு எஸ்9 ஒத்துவரும். நிறப் பாணிகளைக் கேமராவிலேயே ஏற்றிக்கொண்டு, ஒரு பொத்தானில் மாற்றிக்கொள்ளும் வசதி நன்றாக இருக்கிறது. வீட்டுக்குப் போய் கலர் திருத்த நேரமில்லாதவருக்கு அது பெரிய நிம்மதி. 18-40 ஜூமுடன் 641 கிராம். 58 கிராமில் ஒரு 26 மி.மீ. லென்ஸும் விற்கிறார்கள்: அப்பர்ச்சர் எஃப்/8-ல் நிரந்தரம், ஃபோகஸ் கையால். ஃபுல் ஃபிரேம் வாங்குவதே வெளிச்சத்துக்காக; அதில் எஃப்/8 லென்ஸைப் போட்டு ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது என்று எனக்குப் புரியவே இல்லை.

சிக்மாவின் கேமராக்களை ஆசைக்கு வாங்கலாம். 2019-ல் வந்த எஃப்பி, 422 கிராம். 2025-ல் வந்த பிஎஃப், 446 கிராம். பிஎஃப்-ன் உடலை ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து ஏழு மணி நேரம் கடைந்து எடுக்கிறார்கள். கார்டு ஸ்லாட்டே இல்லை, 230 ஜிபி உள்நினைவகம். வியூஃபைண்டர், ஸ்டெபிலைசேஷன், ஷட்டர், ஃப்ளாஷ் ஷூ எதுவும் இல்லை. அறிமுக விலை 1,999 டாலர். கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராத பொருள். வீட்டில் இன்னொரு கேமரா இருப்பவருக்கு மட்டும்.

நடுவில் ஒரு கேள்வி: லென்ஸ் மாற்றித்தான் ஆக வேண்டுமா? 2025 ஜூலையில் சோனி அறிவித்த ஆர்எக்ஸ்1ஆர்-3, 61 மெகாபிக்சல், 35 மி.மீ. எஃப்/2 லென்ஸோடு சேர்த்தே 498 கிராம். லென்ஸ் இல்லாத ஏ7சி-2-வைவிடக் குறைவு. லென்ஸை நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் அதன் பின்வில்லையை சென்சாருக்கு மிக அருகில் வைக்கலாம், ஷட்டரை லென்ஸுக்குள்ளேயே வைத்துவிடலாம். மாற்றும் வசதிக்கு நாம் கொடுக்கும் கூலி எவ்வளவு என்பது இந்த ஒரு ஒப்பீட்டில் தெரிந்துவிடும். விலைதான் ஐயாயிரம் டாலருக்கு மேல். அதனால் இந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன்.

ஏபிஎஸ்-சி போதாதா?

இந்தக் கேள்வியை ஃபுல் ஃபிரேம் ரசிகர்கள் தட்டிக்கழிப்பார்கள், தட்டக் கூடாது. ஏபிஎஸ்-சி சென்சார் சிறியது என்பதால், ஒப்பிடும்போது குவியதூரத்தோடு எஃப் எண்ணையும் 1.5-ஆல் பெருக்க வேண்டும், அதுதான் நியாயம். ஏ6700-ல் சிக்மா 18-50 எஃப்/2.8 மாட்டினால் மொத்தம் 783 கிராம், அறிமுக விலைகளின்படி 1,948 டாலர். ஃபுல் ஃபிரேம் கணக்கில் அது 27-75 எஃப்/4.2. ஏ7சி-2-ஐ 28-60 எஃப்/4-5.6 கிட் லென்ஸோடு வாங்கினால் 681 கிராம், 2,499 டாலர். வைட் பக்கத்தில் இரண்டும் சமம். டெலி பக்கத்தில் ஏபிஎஸ்-சி கிட்டத்தட்ட முக்கால் ஸ்டாப் முந்துகிறது, கூடுதல் தூரமும் எட்டுகிறது. நூறு கிராம் லேசாக இருக்க ஐந்நூற்றுச் சொச்சம் டாலர் கூடுதலாகக் கொடுத்து, வெளிச்சத்தையும் இழக்கிறோம். அதாவது ஜூம் ஒன்றே போதும் என்பவருக்கு ஃபுல் ஃபிரேம் வீண்செலவு.

ஒற்றைக் குவியதூர லென்ஸுக்கு வந்தால் கதை மாறும். ஃபூஜி எக்ஸ்-டி50-ல் 27 மி.மீ. எஃப்/2.8 மாட்டினால் 522 கிராம். ஃபுல் ஃபிரேம் கணக்கில் 40 மி.மீ. எஃப்/4.2. ஏ7சி-2-ல் 40 எஃப்/2.5 மாட்டினால் 687. கூடுதல் 165 கிராமுக்கு ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம். இரவில் பஜ்ஜிக் கடை பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒரு முகத்தை எடுக்கும்போது அந்த ஒன்றரை ஸ்டாப் நன்றாகத் தெரியும். சிறிய ஃபுல் ஃபிரேம் தன் விலையை நியாயப்படுத்துவது இங்கே மட்டும்தான்.

இனி என்ன வரும்? சென்சாரைப் படிக்கும் வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நிக்கான் 2021-லேயே இசட்9-ல் மெக்கானிக்கல் ஷட்டரைத் தூக்கிவிட்டது. படிக்கும் சுற்றுகளைப் பின்னாலேயே அடுக்கிய அதன் அடுக்குச் சென்சார் அவ்வளவு வேகமாகப் படிக்கும். அது பெரிய, விலை கூடிய கேமரா. 2024-ல் இசட்6-3-ல் பாதி அடுக்குச் சென்சார் நடுத்தர விலைக்கு இறங்கியது. 2025-ல் பானாசோனிக் எஸ்1-2, சோனி ஏ7-5 இரண்டும் அதே பாதையில் வந்தன. இந்த வகைச் சென்சார் எஸ்9 மாதிரி உடலுக்குள் வரும் நாளில் பட்டைப் பிரச்சினை வெகுவாகக் குறையும். ஷட்டர் இல்லாமல் இருப்பது குறை என்ற பேச்சும் அடங்கும். ஏ7-5-ன் சென்சார் ஏ7சி வரிசைக்கும் ஒருநாள் இறங்கும் என்பது என் ஊகம். முதல் ஏ7சி-க்கும் இரண்டாவதற்கும் இடையே மூன்று ஆண்டு இடைவெளி இருந்தது. எல்.இ.டி. வெளிச்சத்தில் வேலை செய்பவர், வேகமாக ஓடுவதை எடுப்பவர் காத்திருக்கலாம். மற்றவர்கள் காத்திருந்தால் ஆண்டுதான் போகும், படம் வராது.

என்னைக் கேட்டால், வெளிச்சம் குறைந்த இடங்களில் ஒன்றிரண்டு சின்ன லென்ஸ்களோடு சுற்றுபவர் ஏ7சி-2-ஐ வாங்க வேண்டும், கிட் லென்ஸ் இல்லாமல், 40 எஃப்/2.5-ஓடு. குடும்பம், குழந்தைகள், கொஞ்சம் வீடியோ என்பவருக்கு ஆர்8-ம் 50 எஃப்/1.8-ம், மிச்சப் பணத்தில் பேட்டரி. எஸ்9-ஐ மாலை நேரத்தில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். ஒரே ஜூமில் எல்லாம் முடிய வேண்டும் என்பவர் ஏபிஎஸ்-சி-க்குத் திரும்பிவிடலாம், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

பழைய ஏ7சி செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைத்தால் தயங்க வேண்டாம். 24 மெகாபிக்சல், அதே பேட்டரி, 509 கிராம். ஆனால் முன்பக்க டயல் இல்லை, வியூஃபைண்டர் 0.59 மடங்குதான், மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கடையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். எஃப்/11 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து சென்சாரில் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவை அணைத்துவிட்டு மெல்ல ஆட்டினால் உள்ளே லேசாக ஏதோ அசைவது கேட்கும். பயப்படாதீர்கள், அது மிதக்கும் சென்சார், பழுது இல்லை.